உட்கார ஓர் ஆள்

நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் எறிந்துவிடாமல், அதன் பின்பக்கத்தில் அன்றைய வீட்டு விஷயத்தை ஒன்றிரண்டு வரியில் எழுதிவைப்பது என் பழக்கம். மாதக் கடைசியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுவேன். கன்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகங்களை அடுக்கிவைக்கும் யார்டு ஒன்றில் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எது எந்த நாளில் நடந்தது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் மகள் பதினொன்றாம் வகுப்பு படித்த வருஷத்துக் கட்டைப் பிரித்தால், காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்த வாரத்தில் இப்படி ஒரு தாள் இருக்கிறது: ‘பாப்பாவுக்கு மண்டல ஓவியப் போட்டி. உட்கார ஆள் வேண்டுமாம்.’ அடுத்த நாள் தாளில் ஒரே ஒரு சொல்தான். ‘தங்கை.’ அதை எழுதியபோது பேனா அழுந்திய தடம் தாளின் முன்பக்கத்தில், ராகுகாலத்துக்கு மேலே இன்னமும் தெரிகிறது.

ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் வரையுள்ள பள்ளிகளுக்கான போட்டி அது. பள்ளிக்கு ஒருவர். முதலிடம் பெறுபவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். வழக்கமாக ‘மரம் வளர்ப்போம்’, ‘கடலைக் காப்போம்’ என்று ஏதாவது தலைப்புக் கொடுப்பார்கள். அந்த ஆண்டு உருவ ஓவியம். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து, காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் வரைந்து முடிக்க வேண்டும். உட்காரும் ஆளை மாணவர்களே அழைத்துவர வேண்டும். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் சரி.

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் மனத்துக்குள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பச்சைப் புடவையா, நீலமா என்பதுவரை போய்விட்டேன். அவள் ஓவியத்தில் இறங்கிய பிறகு, கிளை நூலகத்தில் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறு என்று இருந்தவற்றையெல்லாம் எடுத்துப் படித்திருந்தேன். பெரிய ஓவியர்கள் பலர் இளம்வயதில் அம்மாவை உட்காரவைத்து வரைந்திருக்கிறார்கள். ஜன்னலோரத்தில், தைத்துக்கொண்டு, புத்தகம் படித்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல். அதனால் இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

“சித்திக்கு போன் போட்டேம்மா,” என்றாள். “வரேன்னுச்சு.”

என் தங்கை ராயபுரத்தில் வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள்.

“அவளுக்கு தீபாவளித் துணி தைக்கற வேல கீதே,” என்றேன்.

“போட்டியே தீபாவளி முடிஞ்சிதான்.”

அன்று அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாள் மாவு அரைக்கும்போது, கிரைண்டர் சத்தத்தில் குரல் காட்டிக்கொடுக்காது என்ற தைரியத்தில் கேட்டேன்.

“ஏன், நான்லாம் உக்கார மாட்டனா?”

“நீ சும்மா உக்காருவியா? நடுவுல எந்திரிச்சி வந்து மூக்கு கோணலா கீதும்ப.”

“சொல்ல மாட்டேன்.”

“அதில்லம்மா. சித்தி மூஞ்சில வரையறதுக்கு நெறைய கீது.”

“எம் மூஞ்சில?”

கொஞ்சம் யோசித்தாள். சொன்னதைவிட அந்த யோசனைதான் வலித்தது.

“ஒன் மூஞ்சி எப்பவும் ஆதார் கார்டுல கீற மாரியே கீதும்மா.”

சிரித்துவிட்டேன். சிரித்தபடியே கிரைண்டரில் தேவைக்கு மேல் தண்ணீர் ஊற்றிவிட்டேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தோசைதான்.

தங்கையின் முகத்தில் நிறைய இருப்பது உண்மைதான். சிறுவயதில் குழாயடியில் விழுந்த தழும்பு புருவத்தைக் குறுக்காக வெட்டிப்போகும். சிரித்தால் மூக்குத்தி ஒருபக்கம் ஏறும். எங்கள் அம்மாவோடு கடைக்குப் போனால் அவளுக்குத்தான் கையில் பொரிகடலை கிடைக்கும். எனக்குப் பையைக் கொடுப்பார்கள். கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள்கூட அவளிடம் வந்து உட்காருவார்கள். என்னிடம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். நான் சரியாகச் சொல்லவும் செய்வேன்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி நடந்தது. திருவொற்றியூரில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. முன்னறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு, அதன் நான்கு கால்களைச் சுற்றியும் மகள் தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். அடுத்த வாரம் அதே இடத்தில் நாற்காலி இருந்தால்தான் வெளிச்சம் முகத்தில் அதே மாதிரி விழுமாம். வாரம் முழுவதும் அந்தக் கோடுகள் அழியாமல் சுற்றிச் சுற்றிப் பெருக்கினேன். என் தங்கை உட்காரப்போகும் இடத்துக்கு என் வீட்டில் நானே காவல்.

தங்கையால் வாயை மூட முடியாது.

“அக்கா, ஒம் பொண்ணு என்ன பொணமாட்டம் உக்கார சொல்றா.”

“சித்தி, தாடை ஆடுது,” என்பாள் மகள்.

“மூலக்கொத்தளம் சுடுகாட்டுல படுத்துனு கீறவங்களுக்குகூட இதவிட சலுகை கீதுடி. அங்கனா பக்கத்துல நாலு பேரு பேச்சுத் தொணைக்கு கீறாங்க.”

“சித்தி.”

“சரி சரி. செத்துட்டேன். வரஞ்சிக்க.”

நான் டீ கொண்டுபோகும்போதெல்லாம் பார்த்தது மகளின் பார்வையைத்தான். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, கட்டைவிரலால் அளந்து, மறுபடி தாளைப் பார்த்து, மறுபடி முகத்தைப் பார்த்து. பெற்று வளர்த்ததிலிருந்து எத்தனையோ பார்வைகளை அவளிடமிருந்து வாங்கியிருக்கிறேன். பசிப் பார்வை, காய்ச்சல் பார்வை, செல்போன் கேட்கும் பார்வை. இந்த ஒன்று எனக்கு வந்ததே இல்லை. அது என் தங்கைக்கு, அவள் கொட்டாவி விடும்போதுகூட, தட்டாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒருமுறை தங்கை முகம் கழுவப் போனபோது நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சும்மாதான். மகள் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“எந்திரிம்மா. சேர் நவுந்துடும்.”

போட்டி தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை, கத்திவாக்கம் பக்கம் ஒரு பள்ளியில். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்த வாரம் அது. மழை வருவதும் போவதுமாக இருந்தது. தங்கை முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் கணவருக்குக் காலை ஷிப்ட். மனத்துக்குள் எழுதிய விடுப்பை நான் நிஜமாகவே எழுதிக் கொடுத்திருந்தேன். போர்டையும் சாப்பாட்டுப் பையையும் தூக்க ஓர் ஆள் வேண்டுமே என்று சொல்லிக்கொண்டு கூடவே கிளம்பினேன். பச்சைப் புடவைதான் கட்டியிருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

சாலையில் பெட்டகம் ஏற்றிய டிரெய்லர்கள் துறைமுகம் நோக்கி வரிசை கட்டி நின்றன. மழையில் ஒன்று குறுக்கே திரும்பி மாட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கமும் அடைத்துக்கொண்டது. நாங்கள் விடிந்ததும் கிளம்பியதால் தப்பித்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த பலர் நனைந்துகொண்டு நடந்தே வந்து சேர்ந்தார்கள்.

பெரிய வகுப்பறை ஒன்றில் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டியிருந்தார்கள். எல்லாரும் உள்ளே போனதும் அமைப்பாளர் ஒருவர் எழுந்து, யாருக்கும் முன்னால் தெரியாத ஒன்றைச் சொன்னார். அவரவர் அழைத்துவந்த ஆளை அவரவர் வரையக்கூடாது. வீட்டிலேயே வரைந்து பழகியிருப்பீர்கள். இங்கே புதிய முகத்தை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதுதான் போட்டி. நாற்காலி எண்களைச் சீட்டில் எழுதிப்போட்டு எடுக்கச் சொல்வோம்.

அறையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மகளின் முகம் வெளுத்தது. என் தங்கை, “அப்ப நாலு வாரம் நான் செத்தது வேஸ்ட்டா,” என்றாள். எனக்கு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று.

இன்னொரு சிக்கல். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒரு மாணவியின் அம்மா டிரெய்லர் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். “அத்தா என்ன வண்டில முன்னாடியே இட்டாந்து வுட்டுட்டாங்க சார். போர்டு வச்சா மூணு பேரு உக்கார முடியாதுன்னு அம்மா ஷேர் ஆட்டோல வராங்க,” என்று அந்தப் பெண் வாசலையே பார்த்துக்கொண்டு சொன்னாள். தலையில் வெள்ளைத் துப்பட்டா நனைந்து ஒட்டியிருந்தது. கூட வந்தவர்களில் யாராவது உட்கார முடியுமா என்று அமைப்பாளர் கேட்டார்.

“எங்க அக்கா சும்மாதான் கீது,” என்று தங்கை என்னைக் கைகாட்டினாள்.

காலி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. மகள் அழைத்துவந்த ஆளாகப் பதிவாகியிருப்பவள் என் தங்கை. நான் யாருடைய ஆளும் இல்லை. என் எண் மகளுக்கு விழலாம்.

ஒவ்வொருவராக வந்து டப்பாவில் கைவிட்டார்கள். மீஞ்சூரிலிருந்து வந்திருந்த கண்ணாடி போட்ட மாணவனுக்கு என் தங்கை விழுந்தாள். மகள் போனாள். அவள் சீட்டைப் பிரித்தபோது நான் முதுகை நிமிர்த்தி, ஆதார் கார்டில் இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள முயன்றேன். எண்ணைப் படித்துவிட்டு எங்களைப் பார்த்தாள். பார்வை என்னைத் தாண்டிப் போய், அரைவட்டத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் நின்றது.

எண்ணூர்க் கழிமுகத்துத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர் அவர். அண்ணன் மகளுக்காக வந்திருந்தார். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. எனக்கு எதிரே வந்து போர்டை வைத்தது தண்டையார்பேட்டைப் பெண். அம்மா வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு கடைசிவரை சீட்டு எடுக்காமல் நின்றதால், மிஞ்சியது நான்.

மணி அடித்தார்கள். மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு எதிரே ஒரு பெண் என் முகத்தை அளந்துகொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆன்ட்டி, நேரா பாருங்க.”

நேராகப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கண் மறுபடி போய்விட்டது. மகளுக்கு எதிரே அந்த அம்மாள் தூங்கிவிட்டிருந்தார். இரவெல்லாம் தண்ணீரில் நின்றுவிட்டு வந்தவர். வாகான நாற்காலி கிடைத்ததும் தலை ஒருபக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. சுற்றி வந்த நடுவர் மகளிடம் நின்றார்.

“எழுப்பும்மா. உருவப்படத்துக்கு உயிரே கண்ணுதான்.”

“வேணாம் சார். பாவம், தூங்கட்டும். நான் இப்டியே வரையறேன்.”

“மார்க்கு குறையும்.”

“பரவால்ல சார்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சற்றுக் கண்ணயர்ந்தால், சார்ஜர் எங்கே என்று உலுக்கி எழுப்புகிறவள் என் மகள். அவள் பென்சில் சத்தம்கூடக் கேட்காதபடி, முன்பின் தெரியாத ஒருவரின் தூக்கத்தைக் காத்துக்கொண்டு வரைந்தாள். தங்கைமேல் இருந்த பொறாமையாவது எனக்குப் பழகியது. சின்ன வயதிலிருந்து அதன் நீள அகலம் தெரியும். இது புதிது. தூங்குகிறவரிடம் எதைச் சொல்லிப் பொருமுவது?

“ஆன்ட்டி, ப்ளீஸ். கண்ணு பக்கமாவே போவுது.”

“சாரிம்மா.”

சற்று நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு முகம் வந்து நின்றது. நனைந்த கறுப்புப் புர்கா, கையில் பிளாஸ்டிக் கூடை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் தன் மகளைப் பார்த்தார். அப்புறம் மகள் யாரைப் பார்க்கிறாள் என்று பார்த்தார். அதன்பின் முடியும்வரை அவர் என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முடிவை அன்று மாலையே சொன்னார்கள். மீஞ்சூர் மாணவனுக்கு முதலிடம். என் தங்கை வாயோரத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த அந்த ஒரு நொடியை, மூக்குத்தி ஏறியது உட்பட, அவன் பிடித்துவிட்டான். மகளுக்கு ஆறுதல் பரிசு, ஒரு கலர் பெட்டி. எனக்கு எதிரே இருந்த பெண்ணுக்கு எதுவும் இல்லை. அவள் தாளைப் பார்த்தேன். காது, கழுத்து, புடவை மடிப்பு எல்லாம் நன்றாக வந்திருந்தது. கண்கள் மட்டும் முகத்தோடு சேராமல் எங்கோ பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தன.

“யாரு வரைஞ்சா இன்னாக்கா, மூஞ்சி நம்மளுது,” என்றாள் தங்கை. “மாநிலத்துக்கும் என்னதான் இட்டுனு போவாங்க போல. அந்தப் பையன் நம்பரு வாங்கி வச்சிகினேன்.”

மகள் கலர் பெட்டியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மாநிலப் போட்டி அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். தோளில் கை வைத்தேன். அவள் விலகவுமில்லை, சாயவுமில்லை.

வெளியே வாசலில் புர்கா அணிந்த அந்த அம்மா எங்களை நிறுத்தினார்.

“ஒரு மாசமா என்ன வச்சுத்தான் வரைஞ்சிகினு இருந்தா. நான் வர்றதுக்குள்ள நீங்க உக்காந்துட்டீங்க,” என்றார். சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். ஐப்பசி முழுக்க அதைத்தான் நான் என் தங்கையிடம் சிரித்திருந்தேன்.

“நீங்க வந்திருந்தாலும் வேற யாராவதுதாங்க வரைஞ்சிருப்பாங்க,” என்றேன்.

“அது தெரியுது. மனசுக்குத் தெரியணுமே.”

அவருடைய மகள் தயங்கியபடி முன்னால் வந்தாள். “ஆன்ட்டி, கண்ணு மட்டும் சரியா வரல. ஒருநாள் எங்க வூட்டுக்கு வரீங்களா? அத முடிச்சிடணும். இப்டியே வுட்டா எனக்கு ஒரு மாரியா கீது.”

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் என் மகள் குறுக்கே வந்தாள்.

“அம்மாக்கு டைம் இருக்காது. வேல கீது.”

“ஞாயித்துக்கிழம வேல இல்லியே,” என்றேன்.

“இருக்கும். நீதான் மறந்துட்ட.”

நான் எதையும் மறப்பவள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். எதிரே இருந்த பெண்ணிடம் வீடு எங்கே என்று விவரமாகக் கேட்டேன். எந்தத் தெரு, எந்தக் கடைக்குப் பக்கத்தில், எத்தனையாவது மாடி. தேவைக்கு மேலேயே கேட்டேன். பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருவொற்றியூரில் இறங்கி நடக்கும்போது சொன்னாள்:

“அவளுக்கு ஷேடிங்கே வராது. கழுத்த பாத்தியா, கம்பம் மாரி நட்டு வச்சிருக்கா.”

“எனக்கு புடிச்சிருந்துச்சி,” என்றேன்.

அந்தச் சனிக்கிழமைத் தாளில் பரிசு விவரமெல்லாம் எழுதியிருக்கிறேன். நான் எவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை.

அடுத்த வார ஞாயிறு நான் புறப்பட்டபோது மகளும் செருப்பு மாட்டினாள். போர்டைத் தோளில் போட்டிருந்தாள்.

தண்டையார்பேட்டை வீட்டில் என்னை ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்தார்கள். அந்தப் பெண் பழைய தாளை எடுத்துக் கண்களை ரப்பரால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். அவளுடைய அம்மா கதவோரம் நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். என் மகள் கவிழ்த்துவைத்த வாளிமேல், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, புதுத் தாளைச் செருகினாள்.

“தாடையக் கொஞ்சம் எறக்கு,” என்றாள் என்னிடம். அம்மா என்றுகூடச் சொல்லவில்லை.

பிறகு ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்தாள்.

தங்கைக்கும் தூங்கிய அந்த அம்மாளுக்கும் போன பார்வை என்மேல் வந்து விழுந்தது. அதில் ஏதோ இருக்கிறது என்றுதான் அத்தனை நாளும் வயிறெரிந்திருந்தேன். எதிரே இருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. பாசம் இல்லை, கோபம் இல்லை, நான் யார் என்ற ஞாபகம்கூட இல்லை. காய்கறிக்காரர் எடை பார்ப்பதுபோல என் நெற்றிக்கும் மூக்குக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவள்போல அங்கேயே நின்று, குறித்துக்கொண்டாள். என் தங்கை ஏன் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள் என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பார்வைக்குக் கீழே சும்மா இருப்பது கஷ்டம்.

எழுந்து போய்விடலாம்போல இருந்தது. உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தார்கள், ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

“ஆன்ட்டி, இந்தப் பக்கம்,” என்றாள் அந்தப் பெண்.

“இல்ல, இந்தப் பக்கம்,” என்றாள் என் மகள். “முதல்ல என்னப் பாரு.”

டீயை நீட்டிக்கொண்டு வந்த அந்த அம்மா, தன் மகள் என் முகம் இருக்கும் தாளிலேயே தலையைக் கவிழ்த்திருப்பதைப் பார்த்துவிட்டு, டம்ளரை என் கையில் கொடுக்காமல் சற்றுத் தள்ளித் தரையில் வைத்தார். ஆறிப்போகும்வரை அதை எடுக்க நான் அசையவில்லை.